அனாதைப் புரதம்

கில்பர்ட் ஒகாடாவின் பித்தக்குழாயிலிருந்து வெட்டியெடுத்த கட்டி, ஐஸ் பெட்டியில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தபோது ஒரு வேர்க்கடலை அளவுதான் இருந்தது. எங்கள் ஆய்வாளர் இனெஸ் பரேரா அதைப் பொடியாக நறுக்கி, தட்டுகளில் பரப்பி, ஊட்டநீர் ஊற்றி, உடம்புச் சூட்டில் வைத்தாள். இப்படி வளர்க்கப் பார்க்கும் கட்டிகளில் பத்துக்கு ஒன்பது செத்துப்போகும். இது சாகவில்லை. ஆறு வாரத்தில் தட்டு நிறைந்து, அடுத்த தட்டுக்கு மாற்றவேண்டி வந்தது.

யாருடைய கட்டி என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். எண் மட்டும்தான் வரும். ஆனால் இந்த ஆள் தானாகவே வந்து நின்றார். அறுவை செய்த மருத்துவரை நச்சரித்து, நாலு படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து கதவைத் தட்டினார். அறுபது வயது. கடலோரத்தில் என்சினிட்டஸ் என்ற ஊரில் மூன்று தலைமுறையாகக் கண்ணாடிக் கூடாரங்களில் கிறிஸ்துமஸ் பூச்செடி வளர்க்கும் குடும்பம். நகத்திடுக்கில் மண் அப்படியே இருந்தது.

"என்னோடது எங்க இருக்கு? பாக்கலாமா?" என்றார்.

இனெஸ் தட்டை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினாள். அவர் குனிந்தபடி வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா செழிப்பா இருக்குதுங்க. என்ன உரம் போடுறே?"

"சர்க்கரை, உப்பு, கன்னுக்குட்டி ரத்தத்துல இருந்து எடுத்த தண்ணி."

"ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கு ஒரு வாய் இறங்கல. இதுங்களுக்கு வேளாவேளைக்கு விருந்தா?"

"உங்களோடதுதானே கில். நல்லாத்தான் கவனிச்சுக்கணும்."

"வளக்குறதுக்கா உனக்குச் சம்பளம்? கொல்றதுக்குத்தானே?"

"அதையும் பண்றேன். கொஞ்சம் டயம் குடுங்க," என்று இனெஸ் சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஸ்கேன் எடுக்க ஊருக்குள் வரும்போதெல்லாம் எங்களிடம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

நான் வெர்ன். அந்த ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக ஒரே வேலை. புரதங்களைத் துண்டாக்கி உள்ளே செலுத்தினால், துண்டுகளை எடைபோட்டு, இவை இன்னின்ன புரதங்கள் என்று பட்டியல் கொடுக்கும் எந்திரம் ஒன்று உண்டு, அதை ஓட்டுகிறவன். டாக்டர் பட்டம் எதுவும் கிடையாது. இனெஸுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. எட்டு வருடமாக எங்களோடு இருந்தாள். அவள் வயதுக்காரர்கள் சொந்த ஆய்வகம் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். இவள் மட்டும் ஒரு பெரிய கண்டுபிடிப்போடுதான் வெளியே போவது என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள். மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பாள். ஒரு கையில் ரொட்டியில் சுருட்டிய பரிட்டோ, மறுகையில் அன்றைய முடிவுகள் எழுதிய தாள்.

அவள் செய்தது இதுதான். எங்கள் அலமாரியில் ஆயிரத்து நானூறு சின்னச் சின்ன மூலக்கூறுகள் இருந்தன. புரதத்தோடு ஒருமுறை ஒட்டிக்கொண்டால் விடாதவை. அவற்றை ஒவ்வொன்றாகக் கில்பர்ட்டின் செல்கள் மேலும், நோயில்லாத பித்தக்குழாய்ச் செல்கள் மேலும் விட்டுப் பார்த்தாள். ஒன்பது மாதம் பிடித்தது. 612ஆம் எண் மூலக்கூறு புற்றுச் செல்களைக் கொன்றது, நல்ல செல்களை விட்டுவைத்தது. எப்படிக் கொல்கிறது, உள்ளே போய் எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்று தெரிந்தால் அது மருந்தாகும். தெரியாதவரைக்கும் விஷம்தான்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு தந்திரம் உண்டு. மூலக்கூறுக்கு ஒரு சின்ன வால் ஒட்டி செல்லுக்குள் அனுப்பவேண்டும். அது போய் எதையாவது கவ்விக்கொள்ளும். பிறகு செல்லை உடைத்து, வாலைப் பிடித்து இழுத்தால், கவ்விக்கொண்டதும் சேர்ந்து வெளியே வரும். வந்தது என்ன என்று என் எந்திரம் சொல்லும்.

முந்நூறு புரதங்கள் வந்தன. அது எப்போதும் அப்படித்தான். கீரைக்கட்டு வாங்கினால் புல்லும் சேர்ந்து வரும். எதை இழுத்தாலும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும் புரதங்கள் எவை என்று எனக்கு மனப்பாடம். பட்டியலில் எங்கே கோடு போட்டு, மேலே இருப்பதை நம்புவது, கீழே இருப்பதைக் குப்பை என்று தள்ளுவது என்பது என் பொறுப்பு. போட்டேன். கோட்டுக்கு மேலே நின்றது ஒன்றே ஒன்று. அதற்குப் பெயர்கூட இல்லை, ஒரு எண்தான். செல்லில் அதற்கு என்ன வேலை என்று யாரும் ஒரு வரி எழுதியது கிடையாது.

"பாவம், அனாதைப் பிள்ளை," என்றேன்.

"இனிமே நம்ம பிள்ளை," என்றாள் இனெஸ். அவள் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது.

அந்தப் புரதத்தைச் செல்கள் உண்டாக்கவிடாமல் அடக்குவதற்கு ஒரு கலவை விற்கிறார்கள். அதை வாங்கிச் செல்கள் மேல் விட்டாள். புரதம் குறைந்தது, செல்கள் செத்தன. மருந்து அனாதையைப் பிடிக்கிறது, அனாதை இல்லாவிட்டால் புற்றுச் செல் பிழைக்காது. இரண்டும் பொருந்திவிட்டன. எங்கள் தலைவர் லைல் ஹென்னிங் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு நடைபாதையில் எல்லாரையும் நிறுத்தி நிறுத்திக் காட்டினார். பட்டியல் போட்டு மூன்று வருடம் கழித்து, பெரிய இதழில் வெளிவந்தது. ஒரு மருந்து நிறுவனம் 612ஐ எடுத்துக்கொண்டு, மெருகேற்றி, எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கியது. அடுத்த செப்டம்பரில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்ப்போம் என்றார்கள். அந்த டிசம்பரில் கில்பர்ட் தன் வண்டியில் நாற்பது தொட்டிச் செடிகள் கொண்டுவந்து, ஆளுக்கொன்றாக மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஜனவரி ஸ்கேனில் அவர் கல்லீரலில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. வழக்கமான மருந்துகளை ஏற்றிப் பார்த்தார்கள். மார்ச்சில் புள்ளிகள் ஐந்து.

மார்ச் கடைசியில் மனைவி மர்லீனையும் அழைத்துக்கொண்டு வந்தார். வெளியே முற்றத்தில், யூகலிப்டஸ் மரத்தடி மேசையில் உட்கார்ந்தோம். கடல் மூட்டம் இன்னும் விலகவில்லை. மர்லீன் தன் மேல்கோட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டார். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை.

"ஹூஸ்டன்ல ஒரு புது மருந்தைப் பரிசோதிக்கிறாங்க," என்றார் கில்பர்ட். "என் மாதிரி கட்டிக்கு ஏத்ததாம். பத்துப் பேருல மூணு பேருக்குச் சுருங்குதாம். எனக்கு ஒரு இடம் வெச்சிருக்காங்க. ஏப்ரல் இருபத்தொண்ணுக்குள்ள சரின்னு சொல்லணும். ஆனா அதுல சேர்ந்துட்டா உங்க மருந்துக்கு என்னைச் சேத்துக்க மாட்டாங்களாம். விதியாம்."

"நான் வைத்தியம் பாக்குற டாக்டர் இல்ல கில். உங்க டாக்டரைக் கேளுங்க," என்றாள் இனெஸ்.

"கேட்டேன். உங்க இஷ்டம்ங்கிறார். எனக்கு மருந்தா தெரியும்? செடிதான் தெரியும். நீ சொல்லு. உன் வீட்டு ஆளா இருந்தா என்ன பண்ணுவே?"

"ஹூஸ்டன் மருந்து கைல இருக்கு," என்று மர்லீன் குறுக்கே பேசினார். "இவங்களோடது இன்னும் எலிக்கிட்ட இருக்கு."

"அது என்னைத் தெரியாதவங்க செஞ்ச மருந்து மர்லீன். இது என் செல்லுலயே கண்டுபிடிச்சது." அவர் இனெஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லும்மா."

இனெஸ் காகிதக் குவளையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "எங்க அப்பாவா இருந்தா," என்றாள், "செப்டம்பர் வரைக்கும் காத்திருங்கன்னுதான் சொல்லுவேன்."

அவள் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் அதை நம்பினாள். நானும் நம்பினேன்.

அதே சமயம் நிறுவனம் இன்னொரு சான்று கேட்டிருந்தது. கலவை விட்டு அடக்குவதெல்லாம் அரைகுறை; அனாதையை உண்டாக்கும் மரபணுவையே செல்லிலிருந்து வெட்டி எடுத்துவிட்டுப் பாருங்கள் என்றார்கள். சடங்குக்குக் கேட்கிறார்கள் என்று நினைத்துத்தான் இனெஸ் தொடங்கினாள். வெட்டினால் செல்கள் செத்துவிடும், செத்ததைப் படம் எடுத்து அனுப்பினால் முடிந்தது.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை. செல் வளர்க்கும் அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"வெர்ன், இதுல அனாதை இருக்கான்னு எந்திரத்துல போட்டுப் பாருங்க. சீக்கிரம்."

மாலைக்குள் பார்த்துச் சொன்னேன். இல்லை. ஒரு துண்டுகூட இல்லை. மரபணு சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கிறது.

"சரியா பாத்தீங்களா?"

"ரெண்டு தடவை பாத்தேன். ஏன்?"

அவள் தட்டை நுண்ணோக்கியில் வைத்தாள். குனிந்து பார்த்தேன். அனாதை இல்லாத செல்கள் தட்டு முழுக்க, இடித்துப் பிடித்துக்கொண்டு வளர்ந்திருந்தன. அடுத்த தட்டை வைத்தாள். அதே செல்கள்தான், முந்தின நாள் 612 விட்டவை. எல்லாம் செத்து மிதந்தன.

பிடிப்பதற்கு அந்தப் புரதமே இல்லை. இருந்தும் மருந்து கொன்றிருக்கிறது.

"அப்போ நாலு வருஷமா இது எதைப் பிடிச்சுது?" என்று கேட்டாள். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

"தட்டு ஏதாவது மாறியிருக்கும். திரும்பப் பண்ணு," என்றேன். பத்தொன்பது வருடமாக எல்லாரிடமும் சொல்கிற வார்த்தை.

திங்கட்கிழமை லைலின் அறைக்கு இருவரும் போனோம். அவர் கெட்ட மனிதர் அல்ல. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் வெளுத்தது.

"எத்தனை தடவை பண்ணினே?"

"ஒரு தடவை. லைல், நான் கில்பர்ட்டுக்கு போன் பண்ணணும். இருபத்தொண்ணாம் தேதி அவருக்குக் கெடு."

"ஒரு தட்டை வெச்சுக்கிட்டு ஒரு மனுஷன் உயிருக்கு யோசனை சொல்லுவியா? இதுதான் தப்பா இருந்தா? அவரை ஹூஸ்டனுக்கு அனுப்பிட்டு, அப்புறம் நம்ம மருந்துதான் வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா?"

"திரும்பப் பண்ண மூணு வாரம் ஆகும்."

"ஆகட்டும். நிச்சயமா தெரியாத எதையும் நாம வெளில சொல்றதில்ல. அது உனக்கே தெரியும்."

இனெஸ் என் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

"லைல் சொல்றதுல நியாயம் இருக்கு," என்றேன்.

நியாயம் இருக்கத்தான் செய்தது. இன்றைக்கு யோசித்தாலும் அந்த நியாயத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அந்தத் தட்டு காட்டியது உண்மை என்பதில் எங்கள் மூன்று பேரில் யாருக்கும் உள்ளுக்குள் சந்தேகம் இருக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இருபதாம் தேதி பதினோரு மணி இருக்கும். இனெஸின் தொலைபேசி அடித்தது. நான் எதிர் மேசையில் இருந்தேன். கில்பர்ட்டின் குரல் எனக்கே கேட்டது.

"நாளைக்குக் கடைசி நாள். வேண்டாம்னு சொல்லிடப்போறேன். அதுக்கு முன்னால உன்னை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு. மாத்தம் ஒண்ணும் இல்லையே?"

இனெஸ் ஜன்னலைப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள்.

"சரி. நல்லது. அப்போ செப்டம்பர்ல பாக்கலாம்," என்று அவர் வைத்துவிட்டார்.

நான் எழுந்து போய் அந்தத் தொலைபேசியை வாங்கித் திரும்ப அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை. எந்திரத்துக்கு எண்ணெய் மாற்றவேண்டியிருந்தது. போய் அதைச் செய்தேன்.

மே இரண்டாம் தேதி இரண்டாவது முடிவு வந்தது. மூன்றாவது, வேறு அறையில், வேறு ஆள் செய்தது. எல்லாம் ஒன்றையே சொன்னன. அதே வாரம் நிறுவனத்திலிருந்து தகவல்: அதிக அளவு கொடுத்த எலிகளுக்கு இதயம் நின்றுபோகிறது. இனெஸ் லைலிடம் அனுமதி கேட்கவில்லை. "நான் என்சினிட்டஸ் போறேன். வரீங்களா?" என்று என்னிடம் கேட்டாள். போனேன்.

கண்ணாடிக் கூடாரத்துக்குள் புழுக்கமாக இருந்தது. தாய்ச்செடிகளிலிருந்து துண்டு நறுக்கி நடும் காலம். கில்பர்ட் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, நறுக்கிய துண்டுகளைத் தட்டில் ஊன்றிக்கொண்டிருந்தார். கண் மஞ்சளாக இருந்தது. ஒன்றரை மாதத்தில் பாதி ஆளாகிவிட்டிருந்தார். மர்லீன் குழாயைப் பிடித்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்கன்னா நல்ல சேதி இல்ல," என்றார் கில்பர்ட்.

இனெஸ் எதையும் மறைக்கவில்லை. மெருகேற்றவும் இல்லை. நாங்கள் தேடிப்பிடித்த புரதம் தப்பானது, அது இல்லாமலே உங்கள் செல்கள் வாழ்கின்றன, செப்டம்பரில் பரிசோதனை இருக்காது என்று நின்றபடியே சொல்லிமுடித்தாள்.

அவர் கையிலிருந்த துண்டை ஊன்றிவிட்டு நிமிர்ந்தார். "ஆனா மருந்து கொல்லுதில்ல? என் செல்லைக் கொல்லுதில்ல?"

"கொல்லுது."

"அப்புறம் என்ன? எதைப் பிடிச்சா எனக்கென்ன? பிடிச்சுட்டுப் போகட்டும். எனக்குக் குடு."

"முடியாது கில். எலிங்களுக்கு இதயம் நின்னுபோகுது."

"அது எலி. நான் எலியா?"

"கில்..."

"எனக்கு அறுபத்தஞ்சு வயசு. எழுதிக் குடுக்கிறேன். என் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டுத் தரேன். ஒரு பாட்டில் எடுத்துட்டு வந்து குடுத்தா யாருக்குத் தெரியப்போகுது?"

இனெஸ் தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று.

மர்லீன் குழாயை மூடினார். அவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"உனக்கு இது எப்போ தெரியும்?"

"முதல் தடவை தெரிஞ்சது ஏப்ரல் ஒம்போது."

"இருபதாம் தேதி இவர் உனக்கு போன் பண்ணினார். நான் பக்கத்துலதான் நின்னேன். மாத்தம் இருக்கான்னு கேட்டார்."

"ஆமா."

"இல்லன்னு சொன்னே."

"ஆமா."

"திரும்பச் செய்யச் சொன்னது நான்தான்," என்று நான் சொன்னேன். "ஒரு தடவை வந்ததை வெச்சு..."

"உங்களை யார் கேட்டது?" என்றார் மர்லீன், என் பக்கம் திரும்பாமலே. "இவர் உங்களை நம்பல. இந்தப் பொண்ணைத்தான் நம்பினார். நான் அன்னைக்கே சொன்னேன், எலிக்கிட்ட இருக்குன்னு. என் பேச்சு ஏறல. இந்தப் பொண்ணு அப்பான்னதும் ஏறிடுச்சு."

கில்பர்ட் இனெஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. கணக்கு விளங்காத பிள்ளை கரும்பலகையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நீ எனக்கு போன்ல சந்தேகம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும்," என்றார். "நிச்சயம் எல்லாம் நான் கேக்கலியே. செடி வாடுறதுக்கு முன்னாடியே சந்தேகம் வரும். சந்தேகத்துலதான் நான் நாப்பது வருஷமா தொழில் பண்றேன்."

"மன்னிச்சிடுங்க."

அவர் அடுத்த துண்டை எடுத்தார். "தட்டு காயுது. கிளம்புங்க," என்றார்.

திரும்பும்போது இனெஸ்தான் ஓட்டினாள். ஆய்வகத்துக்கு இறங்கும் வழி வந்தது, போனது. ஊரும் முடிந்தது. சூலா விஸ்டாவில் அவள் அப்பா வீட்டுக்குத் திரும்பும் வழியும் போனது. இதற்கு மேல் மெக்சிகோ, இதுவே கடைசி வழி என்று எழுதிய பலகையைப் பார்த்து நான்தான், "இனெஸ், நிறுத்து," என்றேன். ஓரமாக நிறுத்தினாள். வண்டிகள் இரைச்சலாகப் போய்க்கொண்டிருந்தன.

"அவர் எங்கிட்ட உயிரைக் கேட்கல வெர்ன்," என்றாள். "தகவல் கேட்டார். அதைக்கூடக் குடுக்கல."

ஹூஸ்டனில் அவர் இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. இனெஸ் தானே அங்கே தொலைபேசியில் பேசினாள், கெஞ்சினாள். ஜூன் மாதம் ஒரு இடம் காலியானது. அதற்குள் கில்பர்ட்டின் கல்லீரல் அவர்கள் வைத்திருந்த அளவைத் தாண்டிக் கெட்டுவிட்டது. சேர்க்க முடியாது என்றார்கள். ஹூஸ்டன் மருந்து அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பத்தில் மூன்று. அந்த மூன்றில் ஒருவராக அவர் இருந்திருப்பாரா என்பதை எந்த எந்திரமும் சொல்லாது. ஆகஸ்ட் பதினேழாம் தேதி வீட்டிலேயே இறந்தார்.

அவர் குடும்பத்தார் போகும் புத்தர் கோயிலில் இறுதிச் சடங்கு. இனெஸ் வரவேண்டாம் என்று மர்லீன் சொல்லியனுப்பியிருந்தார். நான் மட்டும் போனேன். வரிசையில் நின்று, ஒரு சிட்டிகை சாம்பிராணித் தூளை எடுத்துக் கனலில் போட்டேன். வெளியே வரும்போது மர்லீன் வாசலில் எல்லாருக்கும் தலைகுனிந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் குனிந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

மறுநாள் நான் அந்தப் பழைய பட்டியலைத் திறந்தேன். நாலு வருடத்துக்கு முன் நான் கோடு போட்ட பட்டியல். கோட்டுக்குக் கீழே, வழக்கமான குப்பை என்று நான் தள்ளிய புரதங்களில் ஐந்து ஒரே இடத்தைச் சேர்ந்தவை. செல்லுக்குச் சக்தி உண்டாக்கும் உறுப்பைச் சேர்ந்தவை. எதை இழுத்தாலும் அவை கொஞ்சம் வரும், அதனால் அவற்றைக் கண் பார்ப்பதே இல்லை. ஆனால் இந்தப் பட்டியலில் வழக்கத்தைப்போல் மூன்று மடங்கு வந்திருந்தன. 612 செல்லின் அடுப்பை அணைத்துக் கொன்றிருக்கிறது. கில்பர்ட்டின் செல்கள் பசி அதிகமானவை, முதலில் செத்தன. கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் இதயமும் நிற்கும், எல்லாம் நிற்கும். அனாதையும் ஒட்டிக்கொண்டது உண்மைதான். ஆனால் அது சும்மா வழியில் நின்றது. அதை அடக்குவதற்கு விட்ட கலவைகூட எந்த மரபணுவுக்கு விட்டாலும் அந்தச் செல்களைக் கொல்லும் என்று இனெஸ் பிறகு சோதித்துக் கண்டுபிடித்தாள்.

பட்டியலை அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "கோடு போட்டது நான்," என்றேன்.

விரலால் வரிசையாகத் தொட்டுப் படித்தாள். "மூணு மடங்கு," என்றாள். பிறகு, "உங்களைச் சொல்லி என்ன? எங்கிட்டயும்தான் இது நாலு வருஷமா இருக்கு. ஒரு தடவைகூடக் கீழ பாக்கல. கோட்டுக்கு மேல இருந்தது எனக்குப் பிடிச்சிருந்துது."

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவள்தான் எழுதினாள். பத்து வரி. இலக்கு தவறு, எங்கள் முடிவுகளை நம்பவேண்டாம். அதற்குக் கீழே கில்பர்ட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தாள், பெயர் சொல்லாமல். அறிவியலுக்குச் சம்பந்தமில்லாதது என்று இதழ்க்காரர்கள் வெட்டிவிட்டார்கள். லைல் கையெழுத்துப் போட்டார். போடும்போது, "நாம விதிப்படிதான் நடந்தோம்," என்றார். "ஆமா," என்றாள் இனெஸ். "நானும் அதைத்தான் தினமும் சொல்லிப் பாக்கிறேன்." நிறுவனத்திடமிருந்து ஒரு வரியில் மின்னஞ்சல் வந்தது, அவ்வளவுதான். டிசம்பரில் அவள் போய்விட்டாள். வழியனுப்பு விருந்து வேண்டாமென்றாள். இப்போது மாவட்டத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில், கடல் நீரில் சாக்கடைக் கிருமி எவ்வளவு என்று பார்க்கும் வேலை.

பிப்ரவரியில் மர்லீன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நான் எதிர்பார்க்கவில்லை.

"அவரோடது இன்னும் அங்க உயிரோட இருக்கா?"

"இருக்கு."

"நிறுத்திடுங்க."

படிவத்தில் அதற்கு ஒரு வரி உண்டு. குடும்பத்தார் கேட்டால் நிறுத்தவேண்டும். நிறுத்தினேன். உறைபெட்டியிலிருந்து முப்பத்தொரு குப்பிகளை எடுத்து உருகவைத்து, செல்களைக் கொல்லும் சலவைத் திரவம் ஊற்றினேன். அது என் வேலை இல்லை, ஆனாலும் வேறு யாரிடமும் விடத் தோன்றவில்லை. முடித்துவிட்டு அவரை அழைத்துச் சொன்னேன். அதோடு இன்னொன்றும் சொல்லவேண்டியிருந்தது. கட்டுரை வெளியானபோது கேட்டவர்களுக்கெல்லாம் கில்பர்ட்டின் செல்களை அனுப்பியிருந்தோம். பதினாலு ஆய்வகங்கள். டொராண்டோ, பாஸ்டன், கடல் கடந்தும்.

"அவங்ககிட்ட இருக்கிறதை?"

"கேட்டு எழுதலாம். எல்லாரும் நிறுத்துவாங்கன்னு சொல்ல முடியாது. அவங்க அவங்க வேலைல இருப்பாங்க."



"அப்போ அவரைக் கொன்னது மட்டும் சாகாதா?" என்று கேட்டார். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

பதினாலு பேருக்கும் எழுதினேன். ஒன்பது பேர் பதில் போட்டார்கள். இரண்டு பேர் அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். மற்ற ஏழு பேரும் வருத்தம் தெரிவித்து, ஆராய்ச்சி பாதியில் இருப்பதால் இப்போது முடியாது என்று எழுதியிருந்தார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அந்தப் பதில்களை மர்லீனுக்கு அனுப்புவதா, அந்த அம்மாவை இதோடு விட்டுவிடுவதா என்று தெரியாமல் இரண்டு வாரம் மேசையிலேயே வைத்திருந்தேன். கடைசியில் இனெஸை அழைத்துக் கேட்டேன். அலை இரைச்சல் கேட்டது. எங்கோ கடற்கரையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள்.

"ரெண்டு வாரமாவா வெச்சிருக்கீங்க?" என்றாள்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"இருக்கிறதை இருக்கிறபடி அனுப்புங்க. இன்னைக்கே."

ஒன்பதையும் ஒரு உறையில் போட்டு, என் பெயரை எழுதி, அன்று மாலையே தபாலில் சேர்த்தேன். பதில் எதுவும் வரவில்லை.